தையில் உதிராத உண்ணிகள்

ஒரு தேங்காய்ச் சிரட்டை, அதில் ஒரு விரற்கடை மண்ணெண்ணெய். அக்கா மாட்டின் காதுமடலைப் புரட்டி, இரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல உப்பிக் கிடக்கும் உண்ணிகளை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி அதில் போடுவாள். தலை தோலுக்குள் தங்கிவிடக் கூடாது என்று நகத்தை அடியில் கொடுத்து ஒரு திருகு திருகுவாள். மாடு ஒருநாளும் காலை உதறியதில்லை. அந்தச் சிரட்டை இன்னும் எங்கள் சௌல்தாரி வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. மாடு இல்லை.

அக்கா என் பெரியப்பா மகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களைக் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டக் குடியமர்த்தியபோது பெரியப்பா அங்கே போனார். என் அப்பா போர்ட் பிளேர் பக்கம் சௌல்தாரியில் தங்கிவிட்டார். சுனாமியில் அக்காவின் கணவரும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். ரப்பர்க் காட்டு மேட்டில் வேலையாக நின்றதால் அவள் மட்டும் மிஞ்சினாள். கப்பலில் போர்ட் பிளேர் வந்து, தகரக் கொட்டகையில் சில மாதம் கிடந்து, கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மிஞ்சினாள் என்று எழுதிவிட்டேன். அந்த முதல் வருடம் எங்கள் வீட்டில் நடமாடியதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தட்டில் போட்ட சோறு போட்டபடியே காயும்.

பிறகுதான் நிவாரணமாக அவளுக்கு ஒரு மாடு கொடுத்தார்கள். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த கலப்பினப் பசு. அது வந்த பிறகு அக்கா விடியுமுன் எழுந்தாள், புல்லறுத்தாள், பேசினாள். எங்களோடு அல்ல, மாட்டோடு. அது தின்று முடித்த பிறகு அவளும் இரண்டு வாய் சாப்பிட்டாள். அந்த மாட்டுக்கு ஒன்று ஆனால் இவளும் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். ஊரார் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் திருத்தியதில்லை. பயிற்சிக்குப் போய்வந்த பெருமையில் ஓர் அட்டவணை வரைந்து சுவரில் மாட்டியிருந்தேன். மே மாதம் மழை இறங்கினால் புல் நுனியில் உண்ணிக் குஞ்சுகள் ஏறி மாட்டுக்காகக் காத்திருக்கும். மழை நீடிக்கும் வரை பெருகும். தை பிறந்து வெயில் ஏறினால் காய்ந்து சாகும். மழை மாதங்களுக்குச் சிவப்புப் பென்சில், வெயில் மாதங்கள் வெறுமை. சிவப்பு மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அக்காவின் மாட்டுக்கு நானே மருந்து தெளித்தேன். ஊர் மாடு உண்ணிக் காய்ச்சலைத் தாங்கிக்கொள்ளும், வெளியிலிருந்து வந்தது தாங்காது.

சுனாமிக்குப் பிறகு நிலம் தாழ்ந்து, எங்கள் நெல்வயலில் கடல் ஏறி இறங்க ஆரம்பித்திருந்தது. உப்புத் தண்ணீர் நனைக்கும் அந்த ஓரத்துப் புல்லில் உண்ணி அவ்வளவாகத் தங்காது. பக்கத்து வங்காளிக்காரரின் மாடுகள் அங்கேதான் மேயும், காதெல்லாம் சுத்தமாக இருக்கும். அக்காவோ மான்கள் இறங்கி உண்ணியை உதறிவிட்டுப் போகும் காட்டோர மேட்டில்தான் கட்டுவாள். வயலோரத்தில் கட்டச் சொல்லிப் பார்த்தேன்.

"தண்ணி ஏறுற எடத்துல கட்டமாட்டேன் தம்பி. அது வந்தா ஓடவா முடியும்? கழுத்துல கயிறுல்ல கெடக்கும்" என்றாள்.

ஒரு வருடம் தை பிறந்தும் மழை விடவில்லை. வானம் கலங்கியே கிடந்தது. மேட்டுப் புல் காயவே இல்லை. என் அட்டவணையில் தை வெறுமை, ஆகவே நான் மருந்தை நிறுத்தினேன். உண்ணி குறையவில்லையே, தெளிக்கவில்லையா என்று அக்கா இரண்டு முறை கேட்டாள். தை பிறந்தால் எல்லாவற்றுக்கும் வழி பிறக்கும், தானாக உதிரும் என்று கேலி பேசினேன். அலமாரியில் மருந்து இருந்தது. வேண்டுமானால் வயலில் கொண்டுபோய்க் கட்டு என்று எரிந்தும் விழுந்தேன். அவளால் முடியாது என்று தெரிந்தேதான் சொன்னேன். பிறகு தடுப்பூசி வேலைக்குப் பாராடாங் தீவுக்குப் போய்விட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "மூத்திரம் தேத்தண்ணி கணக்கா போவுது தம்பி" என்றாள். மாட்டின் கீழ் இமையை விரித்துப் பார்த்தேன், காகிதம் போல வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல்தான். ஊசி போட்டேன். முன்பே போட்டிருக்க வேண்டிய ஊசி.

மறுநாள் காலையில் கொட்டகை காலியாகக் கிடந்தது. தேடிக்கொண்டு வயலுக்கு ஓடினேன். கடல் ஓதம் வயலில் ஏறிக்கொண்டிருந்தது. கடலைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும் அக்கா, சேலையைத் தூக்கிச் செருகி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். மாடு தள்ளாடியபடி பக்கத்தில். அந்தச் சிரட்டையால் உப்புத் தண்ணீரை மொண்டு மொண்டு அதன் முதுகில் ஊற்றினாள்.

"இப்ப எல்லாம் விழுந்துரும்ல தம்பி?"

நோய் இரத்தத்தில் ஏறிவிட்டால் மேலே ஊற்றுவதெல்லாம் வீண்.

"விழுந்துரும்க்கா" என்றேன். நானும் இறங்கிக் கையால் தண்ணீர் வாரி ஊற்றினேன்.

மாடு அன்று சாயங்காலம் செத்தது. அக்கா அழவில்லை. அழுதிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ, தெரியாது.

இப்போது அவள் கராச்சர்மாவில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். போகும்போதெல்லாம் தேத்தண்ணி போட்டுத் தருவாள். பேச்சு எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கும். "நீ அப்பவே சொன்ன தம்பி. நான்தான் தண்ணிக்குப் பயந்து அதைக் கொன்னுப்புட்டேன்." மருந்தை நிறுத்தியது நான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அவள் சுமக்கும் மூன்று உயிர்களுக்கு மேல் ஏறிய இந்த நாலாவதாவது இறங்கும். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போகிறேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அட்டவணையை என்றைக்கோ கிழித்துப் போட்டுவிட்டேன். இந்தத் தையிலும் மழை. கொட்டகைக் கூரை ஒழுகி, சிரட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தது. எறிந்துவிடத்தான் எடுத்தேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.