செவ்வாய், வியாழன், சனிக்கு நடுவே ஒரு தீவு

எடை பார்க்கும் கருவியின் மேல் முதலில் தனியாக ஏறி நிற்கிறார். எண்ணை நோட்டில் குறித்துக்கொள்கிறார். இறங்கி, பெட்டியை வலது கையில் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுகிறார். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது துணிமணி அல்ல, பழைய செய்தித்தாள்கள். நாளுக்கு ஒரு கட்டு வீதம் கூட்டிக்கொண்டே போகிறார். "காலிப் பெட்டியைத் தூக்கிப் பழகி என்ன பிரயோஜனம்? கனத்தோட பழகணும்" என்கிறார்.

முப்பது வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். பல அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு அவர் முகம் தெரியாது. லிஃப்ட் வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களை மட்டும் தெரியும். எட்டுப் பேர் ஏறலாம் என்று பலகை சொன்னால், அதைப் போலப் பல மடங்கு தாங்கும் கயிறுதான் மேலே தொங்கும். அந்தத் தொழில் புத்தி அவரோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்பது மணிக்கே போய் நிற்பார். ஐந்து பேர் சாப்பிட வந்தால் எட்டு நாற்காலி போடுவார். கேட்டால் பதில் ஒன்றுதான்: "கொஞ்சம் இடம் விட்டு வெக்கணும்."

ஆறு வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. அன்று முதல் செவ்வாய், வியாழன், சனி காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் மெஷினோடு அவரைப் பிணைத்துப் போடுகிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அவிழ்த்து விடுகிறார்கள். வீட்டில் கிழமைப் பெயர்களே வழக்கொழிந்துவிட்டன. மெஷின் நாள், சும்மா நாள், அவ்வளவுதான். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் அந்த மெஷினை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. "அதுவும் நம்ம ஜாதிதான். ஏத்துது, இறக்குது" என்று பக்கத்துப் படுக்கைக்காரருக்கு விளக்குவார். அதன் சத்தம் கொஞ்சம் மாறினாலும் நர்ஸுக்கு முன்னால் இவர் தலை திரும்பும்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் தீவு ஆசை. ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்டுக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன பயணத் துண்டுப் பிரசுரம் கையில் கிடைத்தது. மூன்று தீவுகள். ஒன்றில் எரிமலை, அதன் அடிவாரத்தில் ஆணியே இல்லாமல் படகு கட்டும் ஊர். இரண்டாவதில் மர முகமூடி செதுக்குகிறவர்கள், மேளம் அடித்து ஆடும் கூடம், பழைய ராஜாக்களின் கல்லறைகள். மூன்றாவதில் காடு, அருவி, கரையோரம் நீந்தும் கடலாமைகள். இரண்டாவது தீவில் டயாலிசிஸ் மெஷின் உள்ள ஒரு ஆஸ்பத்திரியும் இருக்கிறது என்பது பிரசுரத்தில் இல்லை. அது இவர் பத்து இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தது. சனிக்கிழமை மதியம் மெஷினிலிருந்து நேரே விமானம். ஞாயிறும் திங்களும் எரிமலை. செவ்வாயும் வியாழனும் ஆஸ்பத்திரி, நடுவில் புதன் முகமூடி. வெள்ளி கிளம்பினால் சனி எட்டு மணிக்குத் தன் பழைய படுக்கை. காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மனைவியின் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, மாம்பழம் கூடாது. ஒரு நாளைக்கு மூணு டம்ளர் தண்ணி. அந்த வெயில்ல போய் என்ன மாமா பண்ணப் போறீங்க?"

"பார்க்கப் போறேன் மாப்ள. கண்ணுக்கு டாக்டர் பத்தியம் சொல்லல."

மைத்துனரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. மனைவி. அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பவள். இந்த ஆறு வருஷமும் எல்லா மெஷின் நாளும் வார்டுக்கு வெளியே, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து நாற்காலியில், அச்சுத்தாளை மடியில் வைத்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்குப் போ என்றால் காதில் விழாத மாதிரி இருப்பாள். அவளுடைய அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தண்ணீருக்கடியில் ஒரு கடலாமை, மேலேயிருந்து வெயில். கல்யாணமாகி வரும்போதே கொண்டு வந்தது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை. ஆனால் பிரசுரத்தில் அதே ஆமையைப் பார்த்ததும் இவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், மூன்றாவது தீவுக்குப் போய், ஆமை பார்க்க ஆளைத் தண்ணீரில் இறக்கும் படகு செவ்வாயும் வியாழனும் மட்டும்தான். காலை எட்டுக்குப் போய்ப் பன்னிரண்டுக்குத் திரும்பும். மற்ற நாளில் அதே படகு சாமான் ஏற்றப் போய்விடும். அதாவது இவர் படுத்துக் கிடக்கும் அதே நாலு மணி நேரம். அவள் தனியாகத்தான் போயாக வேண்டும்.

"நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் என்ன எழுந்து ஓடவா போறேன்?"

"அங்கேயும் வராந்தான்னு ஒண்ணு இருக்கும்ல. நான் உக்காந்துக்கறேன்."

கடல் தாண்டிப் போய் இன்னொரு வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு வருவதற்கு விமானம் எதற்கு, கப்பல் எதற்கு? அவருக்கு மனசே விட்டுப்போனது.

தீவு ஆஸ்பத்திரி அனுப்பிய படிவம் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. உடம்பில் தேங்கிய தண்ணீரை எடுத்த பிறகு ஆள் எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று அதில் ஒரு கட்டம். மெஷின் அந்த எண்ணை நம்பித்தான் உறிஞ்சும். நோட்டில் இருப்பது அறுபத்தொன்றரை. இவர் அறுபது என்று எழுதினார். ஒரு முறை கண்ணை ஓட்டிய மனைவிக்குப் பிழை உடனே தட்டுப்பட்டது.

"இது என்ன அறுபது?"

"புது ஊரு, வெயில் வேற. ரெண்டு மடக்கு கூடக் குடிச்சிருவேன். அதான் கொஞ்சம் இடம் விட்டு வெச்சேன்."

அவள் படிவத்தை எடுத்துப்போய்த் தலைமை நர்ஸின் மேஜையில் வைத்தாள். நர்ஸ் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "லிஃப்ட்காரரே, இது உங்க கயிறு இல்ல, ரத்தம். ஒன்றரை லிட்டர் அநியாயத்துக்கு எடுத்தாங்கன்னா பிரஷர் இறங்கி அங்கேயே கண்ணு சொருகிடும். யாரு பதில் சொல்றது?" இவர் பேனாவை வாங்கி அடித்துத் திருத்தினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மனைவி சொன்னாள்: "இந்த லட்சணத்துல நான் ஆமை பார்க்கப் போகணுமா?"

பழுது பார்த்த லிஃப்டில் எடுத்த எடுப்பில் ஆளை ஏற்ற மாட்டார். மணல் மூட்டையை ஏற்றி ஓட விட்டுப் பார்ப்பார். அந்த வழியில் ஒரு யோசனை சொன்னார். இங்கேயே, பழகின ஆஸ்பத்திரியிலேயே, மெஷின் ஓடுகிற நேரம் அவள் எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும். கைப்பேசி கூடாது, படகில் அது எடுக்காது. "ஓட்டிப் பார்ப்போம். சரிவரலைன்னா பயணத்தையே விட்டுடலாம்" என்றார்.

முதல் நாள் இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள். இரண்டாவது முறை கடைத்தெரு வரை போய், செருப்பு அறுந்த சாக்கில் ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். மூன்றாவது முறை சனிக்கிழமை. பையையும் கைப்பேசியையும் நர்ஸ் மேஜையில் கொடுத்துவிட்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல் போனாள்.

பன்னிரண்டு மணிக்கு அவரை அவிழ்த்தார்கள். ஊசி இருந்த இடத்தை அழுத்தி ரத்தம் நின்றதும், இடது கையில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வராந்தாவில் அவள் நாற்காலி காலி. பையை வாங்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தார். பன்னிரண்டரை ஆயிற்று. மாடிப்படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எழுந்தார். ஒரு முறை தன்னை மறந்து அவளுக்குப் போன் போட, மடியிலிருந்த பைக்குள்ளேயே மணி அடித்தது. சாலையில் வண்டிகள், அவளுக்கோ தூரத்துப் பார்வை மட்டம், காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. தானே துரத்திவிட்டோமே என்று படி வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எதிரே வார்டுக் கதவில் உள்ளங்கையளவு கண்ணாடி. அதன் வழியே மெஷினின் பக்கவாட்டும், கோளாறு வந்தால் மட்டும் எரியும் அதன் சிவப்பு விளக்கும்தான் தெரிந்தன. படுத்திருக்கும் ஆள் தெரியவில்லை. இந்த ஆறு வருஷமும் அவள் பார்த்துக்கொண்டிருந்தது இந்த விளக்கைத்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விளக்கு எரியாதவரை உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த செய்தி.

படியேறி வந்தாள். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு துண்டு. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"எங்க போயிட்ட?" என்றார்.

"பின்னால தெருவுல நீச்சல் குளம் இருக்குங்க. பொம்பளைங்களுக்குன்னு தனி நேரம். உடுப்பு அங்கேயே குடுக்கறாங்க. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தலையை மூணு தடவை உள்ள விட்டேன்."

"மணி என்னன்னு பார்த்தியா?"

சுவர்க் கடிகாரத்துக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். "பன்னெண்டு அம்பத்தெட்டு. ஒரு மணி வரைக்கும் இந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. படகு லேட்டானா பழகணும்னு."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, தோளைப் பிடித்து அவளை அதில் உட்கார வைத்தார். துண்டை உருவி எடுத்தார். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் தலையைத் துவட்டத் தொடங்கினார். "எல்லாரும் பார்க்கறாங்க" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் பின்னலை அவிழ்த்து, தலையின் அடுத்த பக்கத்துக்குப் போனார்.