பொம்மைக்குச் சேலை மாற்றியவர்

ஊரெல்லாம் வலைப்பூ எழுதிய காலத்தில் நானும் ஒன்று தொடங்கி, தினமும் ஒரு பதிவு வரும் என்று முதல் நாளே உலகத்துக்கு அறிவித்துவிட்டேன். உலகம் என்றால் ஏழெட்டுப் பேர். வாரம் முடிவதற்குள் சரக்கு தீர்ந்துவிட்டது. வாரம் ஒரு பதிவு என்று அடங்கிவிட்டால் இருக்கிற வாசகர்களும் ஓடிவிடுவார்களோ என்ற கவலையோடு, திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஜவுளிக்கடை வாசலில், நெற்றியில் சந்தனமும் உதட்டில் வரிசையாகக் குண்டூசிகளுமாக, முதலாளி பொம்மைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தார். எந்தக் காலையில் போனாலும் அவர் இதே கோலத்தில்தான் இருப்பார்.

“அண்ணாச்சி, தினமும் மாத்தணுமா?”

“பின்னே? நேத்து பாத்ததையே இன்னைக்கும் பாத்தா ஆரு சாரே நிப்பாவ?” ஊசி ஒன்றுகூட விழவில்லை.

“அதுக்குத் தினமும் புதுச் சரக்கு வருமா?”

“எங்க வருது? இது நேத்துக் கட்டினதுதான். முந்தானைய முன்னால கொண்டாந்துட்டேன், அவ்வளவுதான்.”

“யாராவது கண்டுபிடிச்சா?”

“அம்புட்டு உத்துப் பாக்கவ வாங்கத்தானே வந்திருக்கா! உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிர வேண்டியதுதான்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏறக்குறைய ஓடியே வீடு வந்து, ஒரு பழைய பதிவின் கடைசிப் பத்தியை முதலில் தூக்கிவைத்து, புதுத் தலைப்பிட்டு வெளியிட்டேன். மறுநாளும் அப்படியே. எழுத்து இவ்வளவு எளிது என்று இத்தனை நாள் ஏன் ஒருவரும் சொல்லவில்லை! உதட்டில் ஊசிகளோடு அவர் எப்படிச் சிரித்தார் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

பெருமை தாங்காமல் அண்ணாச்சியின் வித்தையை மனைவியிடம் சொல்லி, பதிவையும் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டுச் சொன்னாள்:

“சேலைய எப்படித் திருப்பிக் கட்டினாலும், உள்ள நிக்கது அதே பொம்மைதானே.”