பெரிய சனியன்று கேட்ட அழுகை

சின்னம்மாவின் குழந்தை இறந்த பிறகும் அந்த வீட்டுத் தூளியை யாரும் அவிழ்க்கவில்லை. விட்டத்திலிருந்து பழைய சேலைத் தூளி அப்படியே தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் அதைக் கடக்கும்போது எல்லோரும் ஒதுங்கித்தான் போனார்கள், யாரோ தூங்குவதைப் போல.

கோடை விடுமுறையில் அம்மா என்னை அங்கே துணைக்கு அனுப்பினாள். அப்பாவுக்குப் பொம்மிடியில் ரயில்வே வேலை. சின்னம்மாவின் ஊரோ கம்பைநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வரப்பு வழியாக வெகுதூரம் நடக்க வேண்டிய சின்ன ஊர். "தூளியப் பத்திக் கேக்காத. பாப்பா பேச்ச எடுக்காத" என்று அம்மா சொல்லியிருந்தாள். துணைக்கு இருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. துணை என்றால் வெறுமனே உட்கார்ந்திருப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பாப்பா காய்ச்சலில் போனது. அதற்குப் பிறகு சின்னம்மா கோயிலுக்குப் போகவில்லை. கூப்பிட வந்த உபதேசியாரிடம், "ஆண்டவருக்குக் கண்ணு இருந்தா இங்க வந்து பாக்கட்டுங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாளாம். சித்தப்பா மட்டும் போய்வந்தார். அது புளி உலுக்கும் காலம். விடிந்ததும் துரட்டியோடு ஏரிக்கரைத் தோப்புக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்.

நான் போய்ச் சேர்ந்தது பெரிய வியாழனுக்கு முதல் நாள். புனித வாரம் என்பதால் கோயிலில் எல்லாச் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். மாதாவும் சூசையப்பரும் முகமில்லாமல் நின்றார்கள். மறுநாளிலிருந்து கோயில் மணியும் அடிக்கவில்லை; ஆண்டவர் உயிர்க்கும் வரை அடிக்கக் கூடாதாம். உபதேசியார் ஒரு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார். டக், டக் என்ற அந்த வறட்டுச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் சின்னம்மா, "வெளிய போயி வெளையாடு கண்ணு. நான் கூப்புடற வரைக்கும் வராத" என்பாள். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். அந்த வெயிலில் தெருவில் நாய்கூட இருக்காது. பெரிய வெள்ளியன்று அடிகுழாயடியில் நான் நிற்பதைப் பார்க்காமல் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"மத்தியானமானா அந்த வூட்டுல கொழந்த அழுவுது."

"செத்துப்போன கொழந்தையா?"

"வேற எந்தக் கொழந்த இருக்குது அங்க?"

அன்று மாலை உபதேசியார் பிள்ளைகளை உட்கார வைத்து, ஆண்டவர் உயிர்த்தெழுந்த கல்லறைக் கதையைச் சொன்னார். கல் தானாக உருண்டதையும், உள்ளே துணி மட்டும் கிடந்ததையும் அவர் தாழ்ந்த குரலில் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. மூடிய சுரூபங்கள் அவருக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் பெரிய சனி. மதியம் தாழ்ப்பாள் விழுந்ததும் நான் போகவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு மண்சுவர் ஓரமாக நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஒரு குழந்தை அழுதது.

பூனையோ ஆடோ இல்லை. குழந்தைதான். மெலிந்த, நனைந்த அழுகை. சன்னல் பலகையின் இடுக்கில் கண்ணை வைத்தேன். சின்னம்மாவின் முதுகு தெரிந்தது. அவளுக்கு அந்தப் பக்கம் தூளி ஆடிக்கொண்டிருந்தது. வெற்றுத் தூளி காற்றில் ஆடுவது போல இல்லை. அடியில் கனத்துத் தொங்கியது. சேலைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் துணியை உதைத்தது.

பாப்பா எழுந்து வந்துவிட்டது. எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஆண்டவருக்கே உயிர்ப்பு நாளைக்குத்தான், பாப்பாவுக்கு எப்படி ஒரு நாள் முன்னதாக என்பது மட்டும்தான் குழப்பமாக இருந்தது. நேரே கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன்.

மேடு அப்படியே இருந்தது. நாய் தோண்டாமலிருக்க வைத்த முள் கிளைகள் அசைந்திருக்கவில்லை. பனையோலைச் சிலுவை காய்ந்து சாய்ந்திருந்தது. குனிந்து மண்ணில் காதை வைத்தேன். கொதிக்கும் மண்ணுக்கடியில் ஒரு துடிப்புக் கேட்டது. அது என் நெஞ்சுதான் என்று பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. பாப்பா இங்கேயே இருக்கிறது என்றால், அந்தத் தூளியில் கிடப்பது யார்?

திரும்பி வரும்போது எனக்கு முன்னால் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். ஏரிக்கரையில் புளியந்தோப்பு வைத்திருக்கும் பெரிய வீட்டுக்காரி. எங்கள் தெருவுக்குள் அந்த வீட்டு ஆட்கள் வரமாட்டார்கள். அவளோ நேரே சின்னம்மாவின் வாசலில் போய் நின்று கதவைத் தட்டினாள்.

"கதவத் தொறம்மா. எந்தம்பி மவன் இங்கதான் இருக்கறான்னு தெரியும்."

கதவு திறந்தது. சின்னம்மாவின் தோளில் ஒரு பொடி ஆண்குழந்தை. அவளுக்குப் பின்னால், கொல்லைக் கதவருகே, ஓர் இளைஞன் தலை குனிந்து நின்றான். நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. அவனுடைய மனைவி பிரசவத்தில் இறந்துவிட்டாள். ஆட்டுப்பாலும் புட்டிப்பாலும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோப்பில் அவன் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துச் சித்தப்பாதான், "எங்க வூட்டுக்குக் கொண்டாங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்று முதல், ஊர் அடங்கிய வெயிலில் துண்டுக்குள் மறைத்துக் கொல்லை வழியாகக் கொண்டுவருகிறான்.

"அக்கா, ஊரு என்ன பேசும்னுதான் சொல்லல..." என்றான் அவன்.

"நீ பேசாத" என்றாள் அவள். சின்னம்மாவைப் பார்த்து, "யாரைக் கேட்டு எங்க புள்ளைக்குப் பால் குடுத்த?" என்று கேட்டாள்.

"அவந்தாங்க கேட்டான். அழுது கேட்டான்" என்றாள் சின்னம்மா, தோளில் கிடந்தவனைத் தட்டிக்கொண்டே.

அதற்குள் குழந்தை மறுபடி அழத் தொடங்கியது. சின்னம்மா வாசலிலேயே உட்கார்ந்து, முந்தானையால் மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். அந்தப் பெண் உள்ளேயும் வரவில்லை, போகவுமில்லை. சேலை நுனிக்கு வெளியே நீட்டியிருந்த குழந்தையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அந்தக் காலை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். சதை பிடித்திருந்தது.

"பொறந்தப்ப குச்சியாட்டம் இருந்துதே" என்றாள், யாரிடமோ சொல்வதைப் போல. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இனிமே கொல்லப்பக்கமா வேண்டாம். நானே எடுத்தாரேன். வாசல் வழியாவே வரேன்."

அவர்கள் போன பிறகு நான் சின்னம்மாவிடம், அம்மா கேட்கவே கூடாது என்று சொன்னதைக் கேட்டேன். "அப்ப நம்ம பாப்பா?"

சின்னம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "அவ மண்ணுக்குள்ள தூங்கறா கண்ணு. எழுப்பற அன்னிக்கு ஆண்டவரு எழுப்புவாரு. அதுவரைக்கும் அவளுக்குன்னு ஊறுன பாலை நான் என்ன பண்றது? கீழயா பீச்சறது?"

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்ததும், "காலையில பூசைக்கு நானும் வரேன்" என்றாள். சித்தப்பா துரட்டியைச் சுவரில் சாய்க்கப் போய்க் கீழே போட்டுவிட்டார்.

ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு நாள் காலையில் அப்பாவும் அம்மாவும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா அம்மாவைத் தனியாக அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். கோயிலில் ஊதாத் துணிகளை எடுத்துவிட்டிருந்தார்கள். மணி விடாமல் அடித்தது. சின்னம்மா பெண்கள் பக்கம் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் முழந்தாளிட்டாள். பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை, ஆனால் எழ வேண்டிய இடத்தில் எழுந்தாள், உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தாள்.

பூசை நடுவில், பின்வரிசையில் யாருடைய குழந்தையோ வீறிட்டது. சின்னம்மா திடுக்கிட்டு இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக்கொண்டாள். கைகளுக்கடியில் ரவிக்கை நனைந்திருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி எழுந்தாள். நற்கருணைகூட வாங்காமல், எல்லோரும் பார்க்க, வாசலைத் தாண்டி வீட்டை நோக்கி விரைந்தாள்.

சாமி மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று எனக்கு ஒரே வருத்தம். "நான் போயிக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது, வாயோ சிரித்தது. ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவும் அப்படித்தான் நின்றார். பாஸ்கு அன்று கோயிலை விட்டு ஓடுகிறவளைப் பார்த்து இவர்களுக்கு எதற்கு இத்தனை சந்தோஷம் என்று எனக்கு விளங்கவேயில்லை.