ராமக்காள் வீசிய முதல் வலை

ஏரியூர்ப் பக்கம், மேட்டூர் அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தண்ணீருக்கு நடுவே ஒரு திட்டு. கோடையில் தண்ணீர் வடிந்தால் திட்டின் சரிவெல்லாம் வண்டல் நிலம். சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு கேழ்வரகு போடுவோம். ஆடியில் வெள்ளம் ஏறினால் அதே சரிவு மீன் முட்டையிடும் இடம். வாய்க்கால், வரப்பு, கோயில் மாலை என்று எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற ஊர் இது. திட்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கமாட்டோம். அங்கே ஒரு வழக்கம் உண்டு.

அறுப்பதற்குள் வெள்ளம் வந்து யாருடைய பயிர் அதிகம் முங்கியதோ, முதல் வலை அவர்களுடையது. முட்டை பொரிந்து குஞ்சுகள் கலைந்த பிறகு அவர்கள் வலை வீச வேண்டும். அதுவரை அந்தச் சரிவில் வேறு யாரும் வலை போடக்கூடாது. இழந்தவருக்கு ஊர் செய்கிற மரியாதை அது.

போன வருஷம் முங்கியது ராமக்காளின் கேழ்வரகு. சீட்டில் அடிச்சரிவு விழுந்தபோது, "வண்டல் அங்கதான் ஜாஸ்தி" என்று சிரித்தவள் அவள். மீன் வாங்க வரும் வியாபாரியை, "தராசக் கையில புடிச்சு ஆட்டாதீங்க, கீழ வைங்க" என்று அதட்டுகிற வாய் அவளுக்கு.

வெள்ளம் ஏற ஏற அவள் புருஷன் காளியப்பன் கதிரை மட்டும் அறுத்துப் பரிசலில் போட்டார். வாலிபத்திலிருந்து மீன் ஏற்றிப் பழகிய கை. பரிசல் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அந்த அளவுக்கே கதிரையும் ஏற்றினார். மழை விடவில்லை. கதிர் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. சரிவை விட்டுக் கிளம்பியதுமே பரிசல் கவிழ்ந்தது. பரிசல் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. தேட வந்தவர்களும் கைவிட்டுத் திரும்பினார்கள்.

ஆவணி போயிற்று, புரட்டாசி வந்தது. குஞ்சுகள் கலைந்து நாளாகியும் ராமக்காள் முதல் வலையை வீசவில்லை. மற்ற இடங்களில் வலைக்குப் பொடிமீன்தான் விழுந்தது. கொழுந்தன் மாதேஸ்வரன், எப்போது வீசுவாள் என்று கேட்டுவிடுவது என்று அவள் வீட்டுக்குப் போய், டீ குடித்துவிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தான். எந்த வாயால் கேட்பது? அந்தச் சரிவில்தான் காளியப்பன் கிடக்கிறார்.

ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டுச் சின்னக்கா மூட்டையோடு நிற்பதை ராமக்காள் பார்த்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பெங்களூருக்குங்க அக்கா. கட்டட வேலைக்கு."

"நான் வலை வீசலன்னுதான?"

"அப்படி யாருங்க சொல்லுவாங்க?" என்று சின்னக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

யாராவது சண்டைக்கு வந்திருந்தால் ராமக்காள் தாங்கியிருப்பாள். இந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நாளைக்கு ஒரு நாள் இரு. மூட்டையக் கொண்டுபோய் வூட்டுல வை" என்றாள்.

மறுநாள் காலையில் மாதேஸ்வரன் பரிசல் தள்ள, அவள் சரிவின் மேல் வலையை வீசினாள். கரையில் ஊரே நின்றது. இழுக்கும்போது வலை கனத்தது. அவள் கை நின்றுவிட்டது.

"மாதேசா, நீ இழு. எனக்கு பயமா இருக்குது."

"நீங்கதாங்க அண்ணி இழுக்கணும்."

இழுத்தாள். கெண்டையும் ஜிலேபியும் துள்ளின. வேறொன்றும் இல்லை. அவர் வந்துவிடக்கூடாதே என்று நடுங்கி இழுத்தவள், அவர் வரவில்லையே என்று அழுதாள். மாதேஸ்வரனும் அழுதான்.

"திரும்பிடலாங்களா அண்ணி?"

"வேண்டாம்" என்று முகத்தைத் துடைத்தாள். "எல்லாரையும் எறங்கச் சொல்லு. அத்தன வலையில ஒண்ணுலயாச்சும் அவரு வரட்டும்."

மாதேஸ்வரன் எழுந்து நின்று துண்டை உயர்த்திக் காட்டினான். கரையிலிருந்து பரிசல்கள் சத்தமில்லாமல் இறங்கின.