அத்தை விழுங்கிய மாத்திரை

தாராவியில் எங்கள் கல்லியிலேயே, அந்தக் குறுகிய சந்திலேயே, வேகமாகத் துணி தைப்பவள் என் அத்தைதான். அப்பாவின் தங்கை, கல்யாணமாகாதவள், எங்களோடு ஒரே அறையில் இருந்தாள். அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, மாவை அப்பி வைத்ததுபோல் இருக்கும். அதனால் கோடையிலும் தரையைக் கூட்டும் பாவாடைதான் உடுத்துவாள். தையல் தெரிந்தவளுக்கு அது ஒரு வசதி; கூச்சத்தின் நீளத்துக்குத் தானே தைத்துக்கொள்ளலாம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைச் சோதித்து, யானைக்கால் நோயின் புழு இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். விழுங்கிய அன்றே காய்ச்சல் கொதித்தது. மறுநாள் தலைவலி, வாந்தி. தொடையிடுக்கில் நெறி கட்டி நடக்க முடியாமல் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். கல்லியில் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

“நல்லா இருந்தவள மாத்திரையக் குடுத்துப் படுக்கையில தள்ளிட்டாவளே” என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

அப்பாவுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். மாத்திரைப் பொட்டலத்தைச் சாக்கடையில் வீசப் போனார். அத்தை எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“குடுங்கண்ணே. உள்ள புழு சாவுதுல்லா, அதான் இப்படிக் காயுது. டாக்டரம்மா முன்னாலயே சொன்னாவ. சாவட்டும்.”

வீட்டில் யாருக்கும் அடங்காத அப்பா, பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வாரமே சுகாதார ஊழியர்களான இரண்டு பெண்கள் கல்லிக்கு வந்தார்கள். நோய் இல்லாதவர்களும் அந்த மாத்திரையை விழுங்க வேண்டுமாம். அவர்கள் மராத்தியிலும் இந்தியிலும் கெஞ்சக் கெஞ்ச, கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. காரணம் கேட்டால் எங்கள் வீட்டைக் கை காட்டினார்கள். படுத்திருந்த அத்தையே மாத்திரைக்கு எதிரான சாட்சியாகிவிட்டாள்.

அது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்தாள். தாங்கப் போன என் தோளில் அவள் கை நெருப்பாகச் சுட்டது. வாசலில் நின்று, கல்லியே பார்க்கப் பாவாடையை முழங்கால்வரை தூக்கினாள்.

“காய்ச்சலப் பாத்துல்லா பயப்படுதிய? அது ரெண்டு நாள்ல போயிரும். இந்தக் காலப் பாருங்க, இது போவாது. ஒங்க பிள்ளைளுக்கு இது வரணுமா? சொல்லுங்க.”

முதலில் அடுத்த வீட்டு அக்கா கதவைத் திறந்து வந்து கையை நீட்டினாள். பிறகு அவள் மாமியார், எதிர்வீட்டுக்காரர்கள், ஒவ்வொருவராக. கடைசியில் அப்பாவும். சிலருக்கு லேசாகத் தலை சுற்றியதோடு சரி. பள்ளிக்கூடத்தில் நான் பல நாள் இந்தக் கதையையே சொல்லித் திரிந்தேன்; ஒவ்வொரு தடவையும் அத்தை இன்னும் உயரமாக வளர்ந்தாள்.

காய்ச்சல் தணிந்து அவள் மெஷினுக்குத் திரும்பினாள். இனிமேல் கால் மெலிந்துவிடும் என்று நம்பி, காலையில் எழுந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். அத்தை சிரித்துக்கொண்டே காலைக் காட்டுவாள். அது அப்படியேதான் இருந்தது. அவ்வளவு காய்ச்சலும் வீண், மாத்திரை அவளை ஏமாற்றிவிட்டது என்று எனக்கு ஆத்திரம்.

பழைய வீக்கம் குறையாது என்று டாக்டர் அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தார். அவளைக் கடிக்கும் கொசு, அந்தப் புழுவைச் சுமந்து வந்து பக்கத்தில் படுத்திருக்கும் என்னையும் ஒருநாள் கடிக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். யாருடைய காலுக்காக அவள் அந்த மாத்திரையை விழுங்கினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.