கிரகப்பிரவேசத்துக்குப் போன ராணி

தோசை மாவு பொங்கி வழியும்போது ஒரு புளித்த வாசனை வருமே, அதே வாசனைதான் அன்று எங்கள் பசு ராணியின் வாயிலிருந்து வந்தது. பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய மனைகளெல்லாம் வீடுகளாகிக்கொண்டிருந்த காலம் அது. புதுவீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் என்பதால், முகூர்த்த நாள்களில் எங்கள் ராணியைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தை மாதத்தில் ஒரே காலையில் நான்கு வீடுகள். அப்பா பால் ஊற்றப் போக வேண்டியிருந்ததால், ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த என் கையில் கயிற்றைக் கொடுத்தார்.

"வூட்டுக்கு ஒரு பழம், அவ்ளோதான். அரிசி மட்டும் துன்ன வுடாத. உள்ள போய்ப் புளிச்சிகினா வயிறு ஊதிக்கும்."

எனக்கோ வெளியார் முன்னால் பேச்சே வராது. முதல் வீட்டில் அரிசியும் வெல்லமும் கலந்த தட்டை நீட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது வீட்டில் சர்க்கரைப் பொங்கல். மூன்றாவது வீட்டில் ஒரு முறம் நிறையப் பச்சரிசி. அங்கே மட்டும் கயிற்றைச் சற்று இழுத்தேன். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் சிரித்துவிட்டார். "பாருங்களேன், பையனுக்குப் பொறாமை! இவனுக்கும் ஒரு இலை போடுங்க, அப்பதான் மாட்டைச் சாப்பிட விடுவான்." எல்லோரும் சிரித்தார்கள். கயிற்றைத் தளர்த்திவிட்டேன். நான்காவது வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

மத்தியானம் ராணி அசைபோடுவதை நிறுத்திவிட்டது. வயிற்றின் இடப்பக்கம் உப்பி, தட்டினால் "டம் டம்" என்றது. "இன்னாடா துன்னுச்சு?" என்றார் அப்பா. "பழம்" என்றேன். வெறும் உப்புசம் என்று எண்ணி, மூங்கில் குழாயில் நல்லெண்ணெயும் பெருங்காயமும் கலந்து ஊற்றிவிட்டு, ஏப்பம் வரட்டும் என்று வாயில் குறுக்கே வேப்பங்குச்சியைக் கட்டினார். ஏப்பம் வந்தது, அந்த வாசனையோடு. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ராணியால் எழ முடியவில்லை. மாட்டு டாக்டர் தண்ணீராய்ப் போயிருந்த சாணத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அரிசி புளிச்சு, அந்தப் புளிப்பு ரத்தத்துல ஏறிடுச்சு. நேத்தே சொல்லியிருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம். தீனி போடும்போது கூட இருந்தது யாரு?"

"நான்தான் சார்" என்றார் அப்பா.

கழுத்தைத் திருப்பி வயிற்றின்மேல் வைத்தபடியே ராணி செத்தது. நான் அழவில்லை, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். பால் வருமானம் போனதால் நான் ஆறாவதுக்குப் போகவில்லை. பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலைக்குப் போனேன். அப்பா கடைசிவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது அதே ஏரிக்கரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறேன். எங்கள் கொட்டகை நின்ற இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் யாருமில்லை; கிரகப்பிரவேசத்துக்குப் பசு வண்டியில் வருகிறது. போன வாரம் வந்த பசுவுக்கு, புதுவீட்டுக்காரர் ஒரு தட்டு நிறைய அரிசியை நீட்டினார். நாற்காலியை விட்டு எழுந்து அவர் அருகில் போனேன்.

"என்னண்ணா, சொல்லுங்க" என்றார்.

தட்டு பாதி காலியாகியிருந்தது.

"கேட்டைத் திறக்கட்டுமா, சார்?" என்று கேட்டேன்.