போனில் வந்த புகார்

போன வருஷம் ரமலான் முடிந்து ஒரு வாரம் இருக்கும். லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டில் நடந்தது. துபாயில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு நான் ஊரோடு வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, என் மனைவிக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறதி என்றால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவதுதான் என நினைத்திருந்தேன். இவளோ என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவாள். நான் சோறு போட்டுக் கொடுத்தால் தொடமாட்டாள், மாத்திரையைத் துப்பிவிடுவாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் மகள் வந்து ஊட்டினால்தான் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இத்தனை வருஷம் விட்டுவிட்டுப் போனதற்கு வேண்டுமென்றே பழிவாங்குகிறாள் என்றே நம்பினேன். அன்று காலையும், யாருக்காக நான் அங்கே கிடந்து உழைத்தேன் என்று கத்திவிட்டு, மாத்திரை வாங்கப் பெரம்பலூருக்கு பஸ் ஏறிவிட்டேன்.

மருந்துக்கடையில் நின்றபோது மனசு கேட்கவில்லை. சாப்பிட்டாளா என்று விசாரிக்க, ஊட்டிவிட வீட்டுக்கு வந்திருந்த மகளுக்குப் போன் போட்டேன். அவள் என்ன நினைத்தாளோ, போனை அம்மா காதில் வைத்துவிட்டாள்.

ஸலாம் சொன்னேன். பதில் ஸலாம் சொல்லிவிட்டு, "சாப்டீங்களா? அங்க வெயில் ஜாஸ்தியாங்க?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நம்ம வூட்டுல ஒரு ஆளு வந்து இருக்காருங்க. ஓயாம கத்துறாரு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க சீக்கிரம் வந்துடுங்க."

கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் மனதில் இருக்கும் புருஷன் வெள்ளிக்கிழமைதோறும் போனில் பேசியவன். நரைத்த தாடியும் அதட்டலுமாக வந்து நின்ற கிழவனை அவள் எப்படி நம்புவாள்? தெரியாத ஆண் முன்னால் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் பாவம் இருந்திருக்கிறாள்.

"அவரு நல்ல மனுசன்தான். ஒனக்குத் துணையா நான்தான் அனுப்புனேன். இனிமே கத்த மாட்டாரு, நான் சொல்லிட்டேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

இப்போதும் மதியச் சாப்பாட்டுக்கு முன் கொல்லையில் நின்று போன் செய்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன். மகள் போனை அவளிடம் கொடுப்பாள். சில நாள் என் கையால் நாலு வாய் வாங்கிக்கொள்கிறாள், சில நாள் அதுவும் இல்லை. அவளைப் பயமுறுத்தியவன் நான் என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என்னைப் புருஷன் என்று அறியாவிட்டாலும் போகட்டும், பயமில்லாமல் என் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் போதும் என்றுதான் தினமும் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன்.